தண்ணீரின் பூர்வோத்தரம்

தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்று நினைப்பவர் மிங் காலத்துச் சீனத்தில் வைத்தியம் பார்த்திருக்க முடியாது. லீ ஷிஜென் (1518–1593) 27 ஆண்டு உழைத்து 1578-இல் முடித்த ‘பென்சாவ் காங்மூ’ என்னும் மருந்துப் பெருநூலில் 1,892 சரக்குகள் உண்டு. வரிசையில் முதலில் நிற்பது ஜின்செங் அல்ல, தண்ணீர். அதில் 43 வகை: வானம் தருவது 13, மண் தருவது 30.

சம்பந்தம் பேசுமுன் விசாரிப்பதுபோல, எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, யாரோடு பழகியது என்று கேட்டறிந்த பிறகே ஒரு தண்ணீரின் யோக்கியதை தீர்மானமாகும். வேகமாக ஓடும் நீரில் காய்ச்சிய கஷாயம் அடைபட்டதைக் கீழே தள்ளும். எதிர்த்துச் சுழிக்கும் நீரில் காய்ச்சினால் சளியை மேலே கொண்டுவந்து வாந்தியாக்கும். நாழிகை வட்டிலில் சொட்டிய நீர், கைகால் நுனிவரை போகவேண்டிய மருந்துக்கு உகந்தது. அதன் வழுக்கும் குணமே காரணம் என்கிறது நூல். நேரம் தவறாமை என்றிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்போம்.

சில மருந்துகளுக்கு ஆற்றுநீரைத் தொட்டியில் விட்டு, குமிழிகள் ஒன்றையொன்று துரத்தும்வரை, அகப்பையால் ஆயிரம், பதினாயிரம் தடவை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். இதற்கு ‘உழைத்த நீர்’ என்று பெயர். உழைத்தது யார் என்பதில் அகப்பை பிடித்தவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்திருக்கலாம்.

வசந்தம் தொடங்கும் நாளில் பெய்த மழைநீரைத் தம்பதியர் ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டுப் படுக்கையறைக்குத் திரும்பினால் பிள்ளை உண்டாகும். இரண்டாவது நடவடிக்கையின் பங்கை நூல் தனியே பிரித்து ஆராயவில்லை.

ஆறாத புண்ணுக்கு மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவிய தண்ணீரை உப்பிட்டுக் காய்ச்சிக் கழுவ வேண்டும். வேலை செய்தது உப்பும் கொதியும்தான் என்று இக்காலத்தவர் சொல்லக்கூடும். அவர்கள் மூன்று வீட்டுக் கதவைத் தட்டிக் கழுநீர் கேட்டுப் பார்த்தவர்கள் அல்லர். தீராத தாகத்தோடு வரும் நீரிழிவுக்குச் சந்தை வாசல் மூத்திரக் குழியின் நீர் ஒரு சிறு கோப்பை. நோயாளிக்குத் தெரியக் கூடாது. மூன்று தடவையில் குணமாகும். அதற்கு மேல் ரகசியம் தாங்காது என்பது என் ஊகம்.

நியாயமாகச் சொன்னால், இந்தக் கடைசி இரண்டும் லீயின் கண்டுபிடிப்பல்ல. டாங் காலத்துச் சென் சாங்சீ எழுதிவைத்ததை விடாமல் சேர்த்தார். ஒன்றையும் விடக்கூடாது என்பது கலைக்களஞ்சியம் எழுதுபவர்களின் தொழில்நோய்; அதற்கு 43-இல் எதுவும் மருந்தாகச் சொல்லப்படவில்லை.

கிணற்றுநீர் பற்றிச் சொல்லும்போது நூல் திடீரென்று வேறு குரலில் பேசுகிறது. நகரத்தில் சாக்கடை கசிந்து கிணற்றில் கலக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தெளியவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. கிருமி என்பதை ஒருவரும் அறியாத 16-ஆம் நூற்றாண்டு அது. மூத்திரக் குழிக்கு வாய்த்த புகழ் இந்த வரிக்கு வாய்க்கவில்லை. மேற்கோள் காட்டுகிறவர்கள் (இக்கட்டுரை உட்பட) குழியைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

ஆசிரியர் இறந்த பின் 1596-இல் நான்ஜிங்கில் நூல் வெளிவந்தது. மகன்கள் முன்னின்று தயாரித்த படங்கள் 1,100-க்கு மேல்: கல், செடி, பூச்சி, மீன், பறவை, விலங்கு. தண்ணீருக்கு ஒன்றுகூட இல்லை. ஓவியரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கிண்ணம் கழுநீரை, அது இரண்டு வீட்டுடையது அல்ல, மூன்று வீட்டுடையதுதான் என்று விளங்கும்படி வரைந்து காட்டும் தூரிகை சீனத்திலும் இல்லை.