ஆட்டைப் பார்க்காதவனுக்கு உன்னதப்பாட்டு எதுக்குக் கண்ணு?

ஏங்கண்ணு, கல்யாணப் பத்திரிகையில ரெண்டு வெள்ளைப் புறா மூக்கோட மூக்கு உரசிட்டு நிக்குது. அடியில தங்க எழுத்துல உன்னதப்பாட்டு வசனம். வாடகைக் குதிரை மேல ஏறி, ட்ரோன் பறக்கவுட்டு, போட்டோவும் புடிச்சாச்சாமா. குதிரை எதுக்குடான்னா, "பைபிள்லயே இருக்குதுங் அப்புச்சி"ங்கற. இருக்குது சாமி. ஆடும் இருக்குது, நரியும் இருக்குது. உனக்குக் குதிரை மட்டுந்தான் கண்ணுல பட்டுதா?

அந்தப் பாட்டுல காதலி கூந்தலுக்குக் காதலன் என்ன சொன்னாரு தெரியுமா? கீலேயாத் மலையில எறங்கற வெள்ளாட்டுக் கூட்டமாட்ட இருக்குதாமா. சிரிக்காத. சேலம் கருப்புன்னு நம்ம பக்கம் ஒரு வெள்ளாடு உண்டு. பொழுதோட ஒரு பட்டி ஆடு மலைச்சரிவுல ஒண்ணா எறங்கறப்ப பாரு. கருகருன்னு, நெளிஞ்சு நெளிஞ்சு, மஞ்ச வெயில்ல மினுமினுன்னு வரும். பார்த்தவன் வேறென்னத்தச் சொல்லுவான்? பல்லுக்கு, மயிர் கத்திரிச்சுக் குளிப்பாட்டுன செம்மறி. ஒவ்வொண்ணுக்கும் ரெட்டைக் குட்டி. மேலயுங் கீழயும் சோடி தப்பாத பல்லுன்னு அர்த்தம். பல் டாக்டரு இல்லாத காலத்துல அது சின்னச் சமாச்சாரமா? கண்ணபுரம் சந்தையில காங்கேயம் மாட்டு வாயைத் தெறந்து பல்லெண்ணி வயசு சொல்றவங்க நாங்க. எங்களுக்கு அது வர்ணனையில்லே, கணக்கு.

குதிரைக்கு வாரேன். பார்வோன் தேர்க் குதிரைகளுக்கு நடுவால நிக்கற பொட்டைக் குதிரையாட்ட இருக்கறயேன்னு சொல்றாரு. தேரை இழுத்ததெல்லாம் ஆண் குதிரைங்கன்னு படிச்சவங்க சொல்லுவாங்க. அதுக நடுவுல பொட்டைக் குதிரை ஒண்ணு புகுந்தா என்னாகும்? தெரியலீன்னா ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போயி, குதிரைக்காரன்கிட்டக் கேளு. பட்டாளமே கலைஞ்சு போகும். உன்னைக் கண்டு என்ற புத்தி அப்படிக் கலையுதுங்கறாரு. நீ என்னடான்னா அதும்மேல உக்காந்துட்டுப் போட்டோக்காரனைப் பார்த்துச் சிரிக்கற. பக்கத்துல நிக்கறவளைப் பார்த்தயா?

இதுல ஒரு வேடிக்கை. பாட்டு சாலொமோன் பேர்ல இருக்குது. அவருக்கு 700 பொண்டாட்டி, 300 வைப்பாட்டின்னு ராஜாக்கள் புஸ்தகத்துல போட்டிருக்குது. எளவயசுல கட்டுனவளை மானாட்ட நெனச்சு அவளோடவே சந்தோசமா இருன்னு நீதிமொழிகள்ல வர்றதும் அவரு பேர்லதான். ஒரு மானுன்னாச் சரி, ஆயிரம் மானுக்கு எங்க போயிப் புல்லறுக்கறது? சொன்னதை எடுத்துக்க. செஞ்சதை உட்ரு.

1830-ல லண்டன் மிசன் பாதிரியார் அடிஸ் தொரை கோயமுத்தூர் வந்தப்ப, பைபிள்ல வர்ற மேய்ப்பன் கதைய இங்க எவனுக்கும் வெளக்கியிருக்க வேண்டியதில்லே. ஊரே பட்டியும் தொழுவமுமாக் கெடந்துது. இப்ப அவினாசி ரோட்டுப் பையனுக்கு நுகம்னா என்னன்னு பாஸ்டரு படம் போட்டுக் காட்டோணும். கல்யாணமும் ஒரு நுகந்தான் கண்ணு. மாட்டையும் கழுதையையும் ஒண்ணாப் பூட்டி உழாதேங்கறது மோசே சட்டம். நல்ல சட்டம். ஆனா ரெண்டும் காங்கேயங் காளையாப் பார்த்துப் பூட்டிட்டா மட்டும் ஆச்சா? நடை ஒக்கோணும். ஒண்ணு வெரசா இழுத்து ஒண்ணு பின்வாங்குனா, கழுத்துப் புண்ணாகறது ரெண்டுக்குந்தான். படிப்பு, சம்பளம், காரு, நகை எல்லாம் ஒத்துப் பார்த்தீங்க. நடை பார்த்தீங்களா?

நரியப் பத்தியுங் கேளு. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துல யானை புகுந்தா ஊரே பட்டாசோட ஓடியாரும், வனத்துறை ஜீப்பு வரும். குட்டி நரி வந்தா எவன் வாரான்? திராட்சை பூப்பூக்கற நேரத்துல அந்தக் குட்டி நரியத்தான் புடிக்கச் சொல்லுது உன்னதப்பாட்டு. கட்டுனவ பேசறப்ப செல்போனை நோண்டறது, எங்கம்மா வெக்கற கொழம்பாட்ட இல்லேங்கறது, ஒறம்பரை முன்னால அவளை மட்டந்தட்டறது, இதெல்லாம் என்ன சாதின்னு நெனச்ச?

கடைசியாச் சாப்பாடு. பகையோட கொழுத்த மாட்டுக் கறி திங்கறதுக்கு, பாசத்தோட கீரைச் சோறு மேலுங்கறது நீதிமொழிகள். மண்டபத்துல எலை நெறைய வெப்பீங்க, சரி. மக்யா நாள்ல இருந்து கீரைதான் கண்ணு. அதை ஆயறது யாரு, கடையறது யாரு, சட்டி கழுவறது யாரு? பேசியாச்சா? இல்லீன்னா தாலி கட்டறதுக்கு முந்தியே பேசிரு.