சர்நேம் பெட்டியின் காவலருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பெயர் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. பரமட்டா, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா.

பெறுநர்:
படிவங்களில் எல்லாம் 'சர்நேம்' என்றொரு பெட்டி வரைந்து, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் காவல் காத்துவரும் உயர் அதிகாரி அவர்கள்.

பொருள்: கல்யாணத்துக்குப் பிறகு நான் யார் என்பதைத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தாங்கள் ஐயாவா அம்மாவா என்பது எனக்குத் தெரியாது. தங்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெயரே இருப்பதில்லை. 'இது தானியங்கி மின்னஞ்சல், பதில் அனுப்ப வேண்டாம்' என்று மட்டும் கீழே இருக்கும். அதுவே தங்கள் குடும்பப் பெயராக இருக்கலாம் என்று நினைத்து, மரியாதையோடு எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கு வைத்தது ஒரே பெயர். அதற்கு முன்னால் ஓர் இனிஷியல், அப்பா பெயரின் முதல் எழுத்து. இதை வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம், கல்லூரி, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றையும் கடந்து வந்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்கவேண்டிய இடம் காலி. அங்கே அதை யாரும் ஒரு குறையாகப் பார்த்ததில்லை. பரமட்டாவில் இருக்கும் மனிதருக்கு வாழ்க்கைப்பட்டு விமானம் ஏறிய பிறகுதான், இத்தனை வருஷமும் பாதிப் பெயரோடு திரிந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

இங்கே ஓர் அலுவலகம் காலி இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தது. இன்னொன்று சின்னக் கோடு போட்டது. மூன்றாவது அலுவலகம் தாராள மனசு: என் பெயரையே இரண்டு தடவை எழுதிவிட்டது. நானாவது பரவாயில்லை. அமெரிக்க விசாவில் எங்களைப் போன்ற ஒற்றைப் பெயர்க்காரர்களின் ஒரே பெயரைச் சர்நேம் பெட்டிக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயருக்கு 'எஃப்.என்.யு.' என்று போடுகிறார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தமாம். அமீரகம் 2022 நவம்பரில் ஒரு படி மேலே போய், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே வரமுடியாது என்றே சொல்லிவிட்டது.

இந்த முற்றுப்புள்ளி விஷயத்தில் தங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. நியூ சவுத் வேல்ஸின் 1995ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம், சில பெயர்களைத் தடைசெய்கிறது. ஒலி மதிப்பில்லாத குறிகள் கொண்ட பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. '.' என்று நான் பெயர் வைக்கச் சொல்லி மனுப் போட்டால் தள்ளுபடி ஆகும். ஆனால் ஒரு கணினி தானாக எனக்கு அதே பெயரை வைத்து, அட்டையில் அச்சடித்துத் தபாலில் அனுப்பலாம்.

'காலியாக விட்டால் எப்படி, குடும்பப் பெயர் இல்லாத குடும்பம் உண்டா?' என்று தாங்கள் கேட்கலாம். அந்தப் பெட்டியைக் காலி செய்வதற்காக எங்கள் ஊரில் மாநாடு போட்டிருக்கிறார்கள் ஐயா. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டங்களை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றதும் அதே மாநாடுதான். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று எதையாவது காட்டவேண்டும் என்றால் பெரும்பாலும் அந்தப் பட்டத்தைத்தான் காட்டவேண்டும். அது போய், இன்று ஒருவர் பெயரைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாமல் சிலர் வேறு கேள்வி கேட்டுச் சுற்றி வளைக்கிறார்களே, அந்தச் சிரமத்தை உண்டாக்கியது எங்கள் முன்னோர் செய்த நல்ல காரியம். தாங்கள் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்பது, நாங்கள் பாடுபட்டுத் தொலைத்த ஒன்றை. (எங்கள் மேலும் குற்றம் இல்லாமல் இல்லை. பட்டம் போனது, இனிஷியல் போகவில்லை. கல்யாணம் ஆனதும் பெண்ணின் முன்னெழுத்து அப்பாவிடமிருந்து கணவனுக்குக் கைமாறும் பழக்கம் இன்றைக்கும் சத்தமில்லாமல் நடக்கிறது.)

சரி, கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்றார்கள். இங்குதான் ஒரு சிக்கல். என் கணவர் மாணவராக இங்கே வந்தபோது, அவருக்கும் சர்நேம் பெட்டி காலி. அவர் தன் அப்பா பெயரை அதில் போட்டுக்கொண்டார். ஆகவே நான் அவருடைய 'குடும்பப் பெயரை' ஏற்றுக்கொண்டால் எனக்குக் கிடைப்பது கணவர் பெயரும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. என் மாமனார் பெயர்.

மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. இங்கேயும் எழுதப்போவதில்லை, பழனி மலைமேல் கோவணத்தோடு நிற்கிறவர் பெயர் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். என் மாமியார் நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. கடைக்காரர் கேட்டால்கூட ஜாடைதான். இப்போது நான் சில இடங்களில் அந்தப் பெயரில் நடமாடுகிறேன். கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் அதை மூன்று துண்டாக உடைத்து, 'மிஸஸ்' சேர்த்துக் கூப்பிடுவாள். அது என் மாமியாருக்குச் சேரவேண்டிய மரியாதை என்று நினைத்துக்கொண்டே நான் எழுந்து போவேன். வீடியோ காலில் இதைச் சொன்னபோது மாமனார் கொஞ்சம் வெட்கப்பட்டார். மாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழியின் கதை வேறு மாதிரி. அவர்கள் வழக்கப்படி அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அதனால் இங்கே அவள் பெயர் சர்நேம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சிரித்த முகத்தோடு அவளுடைய அப்பா பெயரைச் சொல்லி நலம் விசாரிக்கிறாள்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். பரமட்டாவில் கால் மணி நேரத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் ஒருத்தி, மாநிலப் பதிவகம் தரும் திருமணச் சான்றிதழைக் காட்டி, தனியாக மனு எதுவும் போடாமல் கணவர் சர்நேமை எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்தில் மேளம் கொட்டித் தாலி கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வந்தவளுக்கு அந்த வசதி இல்லை. அவளுடைய சான்றிதழ் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்குப் பெயர்மாற்ற ஆதாரமாகப் பொதுவாகச் செல்லாது. வேடிக்கை என்னவென்றால், அதே காகிதம் அவள் மனைவிதான் என்பதற்கு ஆதாரமாகச் செல்லும். வெளிநாட்டுக் கல்யாணத்தை 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே அங்கீகரிக்கிறது. துணைவர் விசாவும் அதை வைத்துக் கிடைக்கும். ஆக, ஓர் ஆளைக் கண்டம் தாண்டிக் கொண்டுவரப் போதுமான காகிதம், ஒரு சொல்லை அவள் பெயருக்குப் பின்னால் கொண்டுவரப் போதாது.

பிறகு முறையாகப் பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் இந்த மாநிலத்தில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், ஆயுளுக்கு மூன்று முறை. (எங்கள் ஊர் எண்கணித ஜோசியர்கள் இங்கே கடை போட்டால் பட்டினிதான்.)

இந்த மூன்று ஆண்டு விதியைப் படித்தபோது நான் குடியிருக்கும் ஊர் நினைவுக்கு வந்தது. பூர்வகுடிகளான தருக் மக்களில் புரமட்டகல் குலத்தாரின் மண் இது. 1788 நவம்பரில் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் இங்கே குடியேற்றம் போட்டு, லண்டன் கருவூலத்தில் செயலாளராக இருந்த ஜார்ஜ் ரோஸ் பெயரால் ரோஸ் ஹில் என்றார். 1791 ஜூனில் மனம் மாறி, மண்ணின் மக்கள் சொன்னதை ஒட்டிப் பரமட்டா ஆக்கினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஊருக்கு ரோஸ் ஹில் என்று பெயர் வைத்து இரண்டு ஆண்டு ஏழு மாதம்தான். இன்றைய விதிப்படி தகுதி இல்லை. மனுவைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதோடு ஊர் தன் பிறந்தவீட்டுப் பெயரையும் விடவில்லை. பக்கத்திலேயே ரோஸ்ஹில் இருக்கிறது, குதிரைப் பந்தய மைதானத்தோடு.

பெயர் மாறியவளுக்கு வேலை அத்தோடு முடியாது. டிகிரி பழைய பெயரில், லைசென்ஸ் புதுப் பெயரில், விசா பாஸ்போர்ட்டில் உள்ளபடி, வங்கிக் கணக்கு அன்றைக்குக் கவுண்டரில் இருந்தவர் புரிந்துகொண்டபடி. இத்தனை பேரும் ஒருத்திதான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஜே.பி. ('ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்') முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். அவர் நல்ல மனிதர், காசும் வாங்குவதில்லை. நான்தான் நான் என்பதற்கு, என்னை அதற்குமுன் பார்த்தே இராத ஒருவர் சாட்சி.

குடும்பப் பெயர் மாறாமலோ, அது இல்லாமலோ வாழ்வது உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. கனடாவின் கியூபெக்கில் 1981 முதல் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த பெயரோடுதான் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா அல்லது அம்மா பெயரிலிருந்து ஒரு பின்னொட்டு, அவ்வளவுதான். அந்த அரசாங்கமும் வரி வசூலிக்கிறது, பென்ஷன் கொடுக்கிறது.

ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி, அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் கோட்டை எடுத்துவிட்டு 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டியாக்க வேண்டும். கூப்பிட எது வசதி என்று கீழே ஒரு வரி கேட்டுக்கொள்ளலாம். உள்ளே விடுவதற்கு ஏற்றுக்கொண்ட திருமணச் சான்றிதழை, பெயருக்கும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தையாவது கழற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தின் நகலைப் படிக்கும் கல்யாணப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. விமானம் ஏறும் அவசரத்தில், 'அங்கே கேட்பார்களாம்' என்று யாரோ சொன்னதை நம்பி பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றாதீர்கள். கல்யாணம் ஆனதற்காகப் பெண் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றவேண்டியதில்லை என்று இந்தியப் பிரதமர் 2017 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார். நியூ சவுத் வேல்ஸ் சட்டத்திலும், மனைவி ஆனவள் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை.

இப்படிக்கு,
ஒற்றைப் பெயர்க்காரி ஒருத்தி,
பரமட்டா 2150.