அசெம்பிள்டு அப்பா

கடையில் முழுசாக விற்கிற கம்ப்யூட்டரை இவர் கம்ப்யூட்டர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. "பிராண்டட் வாங்கினா உள்ள என்ன போட்டிருக்கான்னு நமக்கென்ன தெரியும்?" என்பார். இவருடையது 2009-இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து, போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, கேபினட் ஒரு கடை என்று பொறுக்கிச் சேர்த்து, கண்ணெதிரே பூட்டச் சொல்லி, மடியில் வைத்து ஆட்டோவில் வந்தது. அதன் பில், அட்டைப்பெட்டி, தெர்மகோல், மிஞ்சிய திருகாணிகள் எல்லாம் பரணில் பத்திரமாக உள்ளன. வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டால் மனைவியைக் கூப்பிடுவார். மானிட்டரின் வாரண்டி கார்டைக் கேளுங்கள், தானே எழுந்து போய் எடுத்துவருவார்.

தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. ரிடையர் ஆகியிருப்பார், அல்லது அதற்கு நாலைந்து வருஷம் பாக்கி இருக்கும். ஹாலில் ஜன்னலோரம் கம்ப்யூட்டருக்கென்று ஒரு மேஜை. மானிட்டர், கீபோர்டு, சி.பி.யு. மூன்றுக்கும் ஒரே பூப்போட்ட துணியில் உறை. ஆயுத பூஜையன்று உறையைக் கழற்றிச் சந்தனம் குங்குமம் வைப்பார்; வைத்து வைத்து பவர் பட்டனில் எழுத்தே தெரியாது. அதை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போனால், துவட்டிக்கொண்டு வரும்போது திரை வந்திருக்கும். "அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது?"

மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்.பி.யைக் கைகழுவியது. இவர் வீட்டில் அது அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் சௌக்கியமாக இருந்தது. ஒருநாள் ரயில் டிக்கெட் எடுக்கிற பக்கம் திறக்க மறுத்த பிறகுதான் விண்டோஸ் 7-க்கு மனசு வந்தது. பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா, நான் ஒரு லேப்டாப் வாங்கித் தரேன்" என்றான். அதற்கு இவர் சொன்னது, இந்த வகை மனிதர்கள் அத்தனை பேரும் சொல்கிற வாசகம்: "எதுக்குடா? ரேம் போட்டா ஓடும்."

மறுபடியும் ரிச்சி ஸ்ட்ரீட். கடைப் பையன் பழைய ரேமை வாங்கிப் பார்த்தான். "சார், இது டி.டி.ஆர். டூ. இப்ப புதுசு வர்றதில்ல, செகண்ட்ஸ்லதான் பாக்கணும். த்ரீ இருக்கு." இவர் டி.டி.ஆர். 3-ஐக் கையில் வாங்கிப் பழையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். நீளம் ஒன்று, காலும் இரண்டிலும் 240. ஆனால் அடியில் வெட்டியிருக்கும் பள்ளம் மட்டும் கொஞ்சம் தள்ளி. அந்தக் கொஞ்சத்துக்காக போர்டை மாற்ற வேண்டியதாயிற்று. போர்டு மாறியதும் பழைய கோர் 2 டுயோ உட்கார இடமில்லை, பிராசசர் மாறியது. டி.வி.டி. டிரைவின் அகலப் பட்டை ஒயரைச் செருகப் புது போர்டில் வாயே இல்லை, அதுவும் மாறியது. இவ்வளவு போட்ட பிறகு பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்று பையன் சந்தேகத்தைக் கிளப்ப, அதற்கும் ஒரு பில். கூட்டினால் லேப்டாப் விலையில் முக்கால்வாசி. டைரியில் அது 'வீட்டுப் பராமரிப்பு' என்ற தலைப்பில் ஏறியது. 2009-இல் வாங்கிய சி.பி.யு.வில் மிச்சமிருப்பது ஹார்டு டிஸ்க்கும் கேபினட்டும், அதன் மேல் குங்குமமும்தான். இருந்தும் விருந்தாளிகளிடம், "அதே சிஸ்டம்தான் சார், இன்னும் ஓடுது!"

அழிரப்பரால் ரேமின் தங்க நிறப் பல்லைத் தேய்த்துத் திரும்பச் செருகுவது இவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. சும்மா சொல்லக் கூடாது, அதில் விஷயம் இருக்கிறது. முனையில் படியும் அழுக்குப் போனாலே செத்த மெஷின் சில சமயம் எழுந்துவிடும். ஆனால் ஒருநாள் வங்கிப் பக்கம் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றது. "ஹேக் பண்ணிட்டானுங்க!" என்று தெருவைக் கூட்டினார். மூலையில் கடிகாரம் 2009 ஜனவரி என்று காட்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. போர்டில் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் மெஷின் தேதியை மறந்துவிடும், தேதி தப்பினால் எந்த வங்கியின் சான்றிதழும் செல்லாது. பேட்டரியை மாற்றியது நான்காவது வீட்டு ஸ்கூல் பையன். இவர் அவனிடம் அப்புறம் கொஞ்ச நாள் பேசவில்லை.

இன்டர்நெட்டில் இவருக்கு நீண்ட அனுபவம். டயல்-அப் காலத்தில் பெண் பார்க்க வருகிறவர்களின் போன் வராமல் போனதற்கு இவரே காரணம் என்று இன்றும் வீட்டில் வழக்கு நிலுவையில் இருக்கிறது. பிறகு பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில், இரவு 2 மணி முதல் காலை 8 வரை எவ்வளவு எடுத்தாலும் கணக்கில்லை என்று ஒரு திட்டம் வந்தது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்த தலைமுறை இவர்.

இப்போது ஃபைபர். கேபிள்காரப் பையன்கள் முடி கனத்துக்கு ஒரு கண்ணாடி இழையைச் சீவி, சின்ன மெஷினில் வைத்து ஒட்டுவதை முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தார். "பவர் மைனஸ் எவ்ளோ வருது?" என்று கேட்டதும் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராத்திரி யூடியூபில் பார்த்தது. வைஃபை டப்பாவை எங்கே வைப்பது என்றபோதுதான் வந்தது வினை. உயரத்தில் இருந்தால் சிக்னல் நன்றாகப் பரவும் என்று அதே யூடியூப் சொல்லியிருந்தது. ஆகவே பரணில், எவர்சில்வர் அண்டா, இட்லிக் கொப்பரை, இவற்றுக்கு நடுவில். உலோகம் வைஃபை அலையை மறிக்கும் என்ற வீடியோ அடுத்தது, அதற்குள் தூங்கிவிட்டார்.

படுக்கையறையில் ஒரு கோடுகூட இல்லை. கம்ப்யூட்டருக்கு வாங்கிய டாங்கிளோ கேபினட்டின் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு. கடைசியில் பரணிலிருந்து மேஜை வரை சுவரில் கிளிப் அடித்து லேன் ஒயர் இழுத்தார். வயர்லெஸ் போட்ட வீட்டில் 15 மீட்டர் வயர்! கேலி செய்ய வந்தவர்கள் வேகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ஒயருக்கு ஈடு ஒயர்தான். இவர் மட்டும் திருப்திப்படவில்லை. "நூறு தரேன்னான், பன்னெண்டுதான் வருது" என்று கஸ்டமர் கேரைக் கூப்பிட்டார். திட்டத்தின் 100 மெகாபிட் கணக்கு, டவுன்லோடு காட்டுவது மெகாபைட் கணக்கு, எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். "சரிம்மா, அந்த அரை எங்க?" என்றார்.

வைஃபை பாஸ்வேர்டு, மகளின் நட்சத்திரமும் பழைய ஸ்கூட்டரின் நம்பரும் சேர்ந்தது. யாருக்கும் வாயால் சொல்ல மாட்டார். உங்கள் போனை வாங்கி, இடது கையால் மறைத்து, தானே அடித்துத் தருவார். இரவு 10 மணிக்கு டப்பாவின் ஸ்விட்சை அணைத்துவிடுவார். "ஏங்க, பையன் வீடியோ கால்ல இருக்காங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "நாளைக்குப் பேசிக்கலாம்."

7-க்குப் பிறகு ஒருவழியாக ஏற்றிய விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் இலவச ஆதரவு முடிந்தது. 11 போடலாமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா என்று கேட்கிறது. "நம்ம வீட்டு கம்ப்யூட்டர் நம்மகிட்டயே ஐ.டி. ப்ரூஃப் கேக்குது" என்று கோபத்தில் இருக்கிறார். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போக இந்தச் சனிக்கிழமை நல்ல நாளா என்று காலண்டரையும் பார்த்துவிட்டார்.

இவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு வேண்டுகோள். புது ரேமுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிக் கொடுங்கள், பழைய ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் அது உட்கார்ந்தால் குளியல் நேரம் மிச்சம். வங்கிக் கணக்கைப் பழைய விண்டோஸில் திறக்க விடாதீர்கள், அதற்கு மகனின் லேப்டாப் வரட்டும். அண்டாக்களைப் பரணிலிருந்து நீங்கள் இறக்கிவிடலாம். ஸ்க்ரூ டிரைவரை மட்டும் அவரிடமே கொடுங்கள்.