எங்கட நாய் கடிக்காது

வன்னியில் எந்த வீட்டுப் படலையைத் தட்டினாலும் முதலில் குரைப்பு, பின்னால் ஒரு குரல்: "பயப்பிடாமல் வாங்கோ, அவன் கடிக்கமாட்டான்." நாயைக் கேட்டுவிட்டு இந்த உத்தரவாதத்தைத் தந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. தபால்காரரின் காற்சட்டையைக் கிழித்த நாய்க்கும் இதே நற்சான்றிதழ்தான். "அது விளையாட்டுக்கு" என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும்.

கிளிநொச்சி வீட்டில் என் மனிசி பகலில் அயலட்டைப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பார்க்கிறா. தாய்மார் விடியப்புறமே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். பிள்ளைகளோடு சீசர் என்ற நாய், ஒரு பூனை, குஞ்சுகளோடு ஒரு கோழி, எடுபிடிக்கு நான். அதிகார வரிசையில் கோழிக்கு முதலிடம்; நான் பூனைக்கும் கீழே.

தெருநாயைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குப் பழகிய நாய்தான். யோசித்தால் நியாயம் விளங்கும்: தெருநாயின் காதுக்குள் எவரும் ஈர்க்கு விடுவதில்லை. சீசரின் வாலைப் பிடித்துத்தான் ஒன்றரை வயதுக்காரன் எழும்புவான். முதுகில் ஏறிய மூன்று வயதுக்காரி, முறிகண்டியில் நிப்பாட்டிக் கச்சான் வாங்கித் தரச் சொல்வாள். என்ன பொறுமை என்று நான் புளுகித் திரிந்தேன். மனிசிதான் கவனித்தா. சீசர் கொட்டாவி விடுகிறான், நாக்கால் மூக்கை நக்குகிறான், முகத்தை அங்கால் திருப்புகிறான். நித்திரையும் இல்லை, பசியும் இல்லை. 'போதும், விடுங்கோ' என்கிறான். இதற்கும் அசையாவிட்டால் உடம்பு விறைக்கும், உறுமுவான். அதற்கு மேல் பேச அவனிடம் பல்தான் இருக்கிறது. எங்களுக்குக் காலில் விழுகிற கடி, ஒன்றரை வயதுக்காரனுக்கு முகத்தில் விழும்.

விறாந்தைக்குக் குறுக்கே ஒரு படலை போட்டோம். மனிசி குசினிக்குள் போனால் சீசர் அங்கால், பிள்ளைகள் இங்கால். உறுமினால் அடிக்கக் கூடாது. அடிவாங்கிப் பழகிய நாய் உறுமாமலே கடிக்கப் பார்க்கும். சாப்பிடும்போதும் படுத்திருக்கும்போதும் அவனிடம் ஒருவரும் போகக் கூடாது. இந்தச் சலுகையை எனக்கும் தரும்படி விண்ணப்பித்தேன். மறுமொழி இல்லை.

பூனையின் வழக்கு வேறு. பிள்ளைகள் வீடு கட்டும் மணல்தான் அதற்குக் கக்கூஸ். அதிலிருக்கும் புழு முட்டை கையில் ஒட்டினால் வாய்க்குப் போக எவ்வளவு நேரம்? மணலைத் தறப்பாளால் மூடினோம். வன்னி வீடுகளில் தறப்பாளைத் தேடி அலையத் தேவையில்லை. நாய்க்கும் பூனைக்கும் பூச்சி மருந்து, பிள்ளைகளின் கைக்குச் சவர்க்காரம்.

மாமியின் வைத்தியத்தோடுதான் பெரும் போராட்டம். நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் பூச வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போனால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது அவவின் சித்தாந்தம். அந்த வயிற்று ஊசி எப்போதோ போய்விட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள் என்றேன். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கீறியது பூனை என்றாலும்தான் என்றேன். விசர் நோயின் குறி தெரிந்தபின் காப்பாற்ற மருந்தில்லை. 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த 9 வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு ஊசி போடுவித்துக் காப்பாற்றிய கதையையும் எடுத்துவிட்டேன். மாமி முழுக்கக் கேட்டா. "பாவம், அங்க மஞ்சள் கிடைக்கேல்லையாக்கும்."

சீசருக்கு வருசா வருசம் விசர்நாய்த் தடுப்பூசி உண்டு. ஊரையே குரைத்து விரட்டுகிறவனை அன்றைக்குக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்தெடுப்பது என் வேலை.

போன மாதம் புதிதாக ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தா. படலையில் நின்றபடியே, "அன்ரி, உங்கட நாய் கடிக்குமோ?"

"கடிக்கும்," என்றா மனிசி. "பல்லுள்ள எல்லாம் கடிக்கும் பிள்ளை. அதுக்குத்தான் அவனை மறிச்சு வைச்சிருக்கிறம்."

தாய்க்கு நிம்மதி. செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குள் வந்தா. கோழியைப் பற்றி அவ கேட்கவில்லை. அது குஞ்சுகளோடு மாமரத்துக்குப் பின்னால் நின்றது.