கேள்வி கேட்காத பெருந்தன்மை

கார் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பெருந்தன்மையைப் புகழ வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தில் இதுவரை ஒருவரும் முன்வராதது பெரிய குறை. பாலிசியைப் புதுப்பிக்கும் நாளில் அவர்கள் நம்மீது வைக்கும் நம்பிக்கையைப் பெற்ற தாய்கூட வைக்கமாட்டாள். வண்டி நம்பரைச் சொல்லிப் பணத்தைக் கட்டினால் போதும், ஐந்து நிமிடத்தில் பாலிசி செல்போனுக்கு வந்துவிடும். லைசென்ஸ் இருக்கிறது என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் அப்படியே நம்புவார்கள். அது முடக்கப்பட்டிருக்கிறதா, கட்டாத அபராதம் எத்தனை என்றெல்லாம் துருவிக் கேட்டு நம் மனத்தை நோகடிக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியை விபத்து நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் நொறுங்கிய கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்க, சர்வேயர் வருகிறார். நாலு பக்கமும் படம் எடுக்கிறார். ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் மூன்றையும் கேட்கிறார். வாங்கும்போது ஒரு நொடியும் பார்க்காத லைசென்ஸை அன்று வரிவரியாகப் பார்க்கிற கடமையுணர்ச்சி இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. விபத்து நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்று பாலிசியிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். படிக்கவில்லை என்றால் குற்றம் நம் கண்ணுடையது.

அபராதம் போடுகிறவர்களின் பரிவும் குறைந்ததல்ல. பாகூர்க்காரர் கடலூர் போக முள்ளோடையைத் தாண்ட வேண்டும். வில்லியனூர்க்காரர் விழுப்புரம் போக மதகடிப்பட்டைத் தாண்ட வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ். இரண்டும் நம்மை மறப்பதில்லை. செலான் வந்த சேதி ஆர்.சி.யில் உள்ள நம்பருக்குப் போய்விடும். அது வண்டி எடுத்த அன்று ஷோரூமில் யாரோ எழுதிய நம்பராகவோ, என்றோ தூக்கியெறிந்த சிம்மாகவோ இருந்தால் சேதி அங்கேயே நிம்மதியாகத் தூங்கும். கட்டாத செலான் மட்டும் தூங்காமல் நீதிமன்றத்துக்கு நடந்துவிடும்.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவு இன்னும் தாராளமானது. ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம், அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதிநீக்கம். பைக்குக்கும் காருக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ் என்பதால் சந்தைக்கு வெறுந்தலையோடு போனவரின் கார் பாலிசியும் அவர் கையில் வெறுங்காகிதம் ஆகலாம். தகுதிநீக்கக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 10,000 ரூபாய். அந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து வாங்கிய பிரீமியத்தைத் திருப்பித் தந்து நம்மைக் கடன்காரராக்கும் கெட்ட பழக்கம் கம்பெனிகளுக்கு இல்லை. வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் செல்லுபடியாகும் லைசென்ஸை நம்பியே நிற்கிறது. ஓட்டிச் சென்றவர் செத்துப்போனால், லைசென்ஸ் முடங்கிய கதையை அவர் மனைவி கிளைம் மறுப்புக் கடிதத்தில்தான் முதன்முதலாகப் படிப்பாள்.

மோதுண்டவருக்கு ஒரு வழி உண்டு. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி அது: லைசென்ஸ் கோளாறு இருந்தாலும் கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், தேவையானால் வண்டிக்காரரிடம் பிறகு வசூலிக்கட்டும். ஏரிக்கரையில் நடந்துபோன கூலிக்காரக் குடும்பத்துக்கு இது நியாயம். ஆனால் வசூல் நோட்டீஸ் வந்த வண்டிக்காரர் வீட்டில் காணி நிலம் விற்கப்படும்.

வண்டி விவரம் ‘வாகன்’ தளத்திலும் லைசென்ஸ் விவரம் ‘சாரதி’ தளத்திலும் மத்திய அரசிடம் கிடக்கின்றன. லைசென்ஸ் முடங்கியிருந்தால் பணம் வாங்குமுன் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட அரசுக்கு என்ன தடை?

அதுவரை நீங்களே பாருங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நிலுவைச் செலானைக் கட்டுங்கள், ஆர்.சி.யில் உங்கள் இப்போதைய செல்போன் நம்பரை ஏற்றுங்கள். லைசென்ஸ் முடக்கப்பட்டிருந்தால் பாலிசி செத்துவிடவில்லை: செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள இன்னொருவர் உங்கள் சம்மதத்தோடு ஓட்டினால் அது செல்லும். தடை முடியும்வரை சாவியை அவரிடம் கொடுங்கள்.