கீழே வைக்கக் கூடாத மூட்டை

பேக்கை எடை பார்த்தது என் மனைவி. 14 கிலோ. "உள்ளே என்னதான் இருக்கு?" என்று பேக்கின் சொந்தக்காரனான நான்தான் அவளைக் கேட்க வேண்டியிருந்தது. இட்லிப்பொடி, அரை லிட்டர் நல்லெண்ணெய், கரண்ட் கெட்டில், கம்பளி, குடை, அமிர்தாஞ்சன், 'எதுக்கும் இருக்கட்டும்' என்ற தலைப்பில் ஒரு கொடிக்கயிறு. கோகர்ணத்தில் நாங்கள் இருக்கப்போவது ஒரே ஒரு நாள்.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாலு பேர். நாலு பேரின் வயதையும் கூட்டினால் 190 வரும். திட்டம் போட்டவன் ஆடிட்டர். "லாட்ஜ்ல பேக்கை வச்சிட்டுச் சுத்தினா அதுக்குப் பேரு டூர். முதுகுலயே இருந்தாத்தான்டா பேக்பேக்கிங்" என்று சட்டம் போட்டவனும் அவனே. வருமான வரியில் சலுகை கண்டுபிடிப்பவன், இதில் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

மங்களூரில் ரயில் மாறி, கோகர்ணா ரோடு ஸ்டேஷனில் இறங்கினோம். 'ரோடு' என்று பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேஷன்களில் ரோடு இருக்கும், ஊர் இருக்காது. ஊருக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் ஆட்டோவில் போக வேண்டும். முதலில் கணபதி, பிறகு மகாபலேஸ்வரர் என்பது அங்கே தரிசன முறை. நாங்கள் இருவரையும் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு நேரே கடலுக்குப் போனோம். பிள்ளையார் இதைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று வரிசையாகக் கடற்கரைகள். ஆடிட்டரின் போனில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தட்டையாகக் கிடந்தன. நேரில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு குன்று. செம்பாறைக்கல்லில் ஏறி, இறங்கி, மணலில் கால் புதைய நடந்து, மறுபடி ஏற வேண்டும். குட்லேயைத் தாண்டும்போதே கெட்டிலின் மூக்கு என் விலாவில் மூன்று இடத்தில் முத்திரை குத்தியிருந்தது.

எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண், வெறுங்காலோடு. தோளில் பாட்டிகள் இடுப்பில் செருகும் சுருக்குப்பையைவிடக் கொஞ்சம் பெரிய பை. ஊர் சுற்றத் தொடங்கி நாலு மாதம் ஆகிறதாம். குறைந்த சுமை இந்த ஊருக்குப் புதிதல்ல. துளுவநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே தலம் இந்தக் கோகர்ணம். பாடியவர்களில் ஒருவரான அப்பரைச் சிலையில் பார்த்திருப்பீர்கள். கையில் உழவாரம் ஒன்றுதான். கெட்டில் கிடையாது.

ஓம் கடற்கரை நிஜமாகவே வடமொழி 'ஓம்' எழுத்தின் வளைவோடு இருக்கிறது. மேலே பாறையில் நின்று பார்த்தால்தான் தெரியும். கீழே ஒரு குடிசை ஹோட்டலில் மெனு அட்டையின் பாதி ஹீப்ருவில் இருந்தது. இஸ்ரேல்காரர்கள் கூட்டமாக வந்து தங்கும் ஊர். 'ஷக்ஷூகா' என்று ஒன்றைப் பெயரின் கம்பீரத்துக்காகவே வரவழைத்தோம். "தக்காளித் தொக்குல முட்டையை உடைச்சு ஊத்தியிருக்கான்டா" என்றான் ஆடிட்டர். நான் இரண்டு சாப்பிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

இந்த ஊரின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். கோகர்ணத்தின் முதல் பேக்பேக்கர் இராவணன். கயிலாயத்தில் வாங்கிய ஆத்மலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் போகிறான். வழியில் கீழே வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஏறக்குறைய எங்கள் ஆடிட்டர் போட்டதேதான். இங்கே வந்ததும் சந்தியாவந்தன வேளை வந்துவிட்டது. சிறுவன் வேடத்தில் நின்ற பிள்ளையாரிடம் லிங்கத்தைக் கொடுத்து, பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிள்ளையார் மூன்று முறை கூப்பிட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டார். விபீஷணனிடமும் அரங்கநாதர் விஷயத்தில் இதையே செய்துவிட்டுத்தான் அவர் திருச்சி மலை உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குடும்பத்தின் லக்கேஜ் மேல் அவருக்கு அப்படியென்ன கண்ணோ!

இராவணனுக்குச் சந்தியாவந்தனம். எனக்கு ஷக்ஷூகா.

நண்பர்கள் மூவரும் தண்ணீரில். ஹோட்டலின் பின்பக்கத் தகரக் கதவை நோக்கி நான் ஓட வேண்டிய நிலை. பேக்கோடு உள்ளே நுழைய முடியாது. கடலை விற்றுக்கொண்டு நின்ற ஒரு பையனிடம் நீட்டி, தெரிந்த கன்னடம் முழுவதையும் செலவழித்தேன்: "எரடே நிமிஷா." அவனும் வாங்கிக்கொண்டான். கதவைச் சாத்திய பிறகு வெளியே "அங்கிள்!" என்று கேட்டது. சற்று நேரத்தில் மறுபடி "அங்கிள்!" மூன்றாவது முறையும் கேட்டது. பதில் சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை.

நடந்தது இதுதான். கோகர்ணக் கடற்கரைகளில் மாடுகள் சுதந்திரமாக உலாவும். அதில் ஒன்று அவன் கடலைக் கூடையில் வாய் வைத்திருக்கிறது. பிழைப்பா, அங்கிள் பேக்கா? ஈர மணலில் பேக்கைப் போட்டுவிட்டு மாட்டை விரட்டப் போய்விட்டான். அலை வந்தது. நான் வந்து இழுத்தேன், அசையவில்லை. கம்பளி குடிக்கக்கூடிய அளவு அரபிக்கடலைக் குடித்திருந்தது. மீதி இடத்தில் மணல். இராவணன் முழுப் பலத்தையும் திரட்டி இழுத்தும் லிங்கம் வராததால்தான் இங்கே சுவாமிக்கு மகாபலேஸ்வரர் என்று பெயர். இரண்டு பேர் சேர்ந்து என் மகாபலேஸ்வரரைக் கரையேற்றினோம். உள்ளே நல்லெண்ணெய் கொட்டி, இட்லிப்பொடியோடு சேர்ந்து, சட்டை எல்லாவற்றிலும் சமமாகப் பரவியிருந்தது.

பையன் ஓடாமல் அங்கேயே நின்றான். "மூணு தடவை கூப்ட்டேன்" என்று விரலைக் காட்டினான். கடலை நாலு பொட்டலம் வாங்கினேன்.

பாரடைஸ் போகவில்லை. கொடிக்கயிறு மட்டும் உபயோகப்பட்டது. இரண்டு தென்னைக்கு நடுவே கட்டி, எல்லாவற்றையும் காயப்போட்டோம். சாயங்காலம் வரை ஒன்றும் காயவில்லை. கோவிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியோடுதான் போக வேண்டும் என்று ஆடிட்டர் அப்போதுதான் சொன்னான். தேர்வீதியில் ஒரு வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மற்ற மூவரும் சட்டையையும் போனையும் எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்று வாசலில் வாதாடிக்கொண்டிருக்க, நான் கையை வீசிக்கொண்டு கணபதி சந்நிதிக்குள் போனேன்.

பிள்ளையார் தலையில் ஒரு பள்ளம். கோபத்தில் இராவணன் வைத்த குட்டு என்கிறார்கள். பார்த்துக்கொண்டே என் தலையில் மூன்று குட்டு குட்டிக்கொண்டேன். மூன்றாவது கொஞ்சம் பலமாகவே விழுந்தது. மேலே கொஞ்சம் இட்லிப்பொடி வாசனை.