கடைவாய்ப்பல்லியல்: மைசூர்ப் பாகை முன்வைத்து ஒரு முன்னாய்வு

வளர்ந்தவர் வாயில் பற்கள் 32; அவற்றுள் பின்வரிசைக் கடைவாய்ப்பற்கள் 12. மேல்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர், கீழ்ப்பல்லுக்கு இரண்டு. இதில் எல்லோரும் உடன்படுவதால் இப்பகுதி ஆய்வுக்குத் தகுதியற்றது.

அறிவுப்பல்லை இக்கட்டுரை தொடவில்லை. ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பல்லைத் திருகைக்கு ஒப்பிடுவது பழைய பிழை. திருகையில் மேல்கல் சுழலும், அடிக்கல் அசையாது. வாயிலோ கீழ்த்தாடைதான் ஆடுகிறது. ஒப்பிட்டவர்கள் தலைகீழாக நின்று உண்டிருக்க வேண்டும்.

இனி, சொல். 'கடைவாய்' என்பதில் கடை என்றால் என்ன? இறுதி என்பர் திண்ணைப் பள்ளியார். அங்காடி என்பர் மைசூர்ச் சயாஜிராவ் சாலைப் பள்ளியார். பின்னவர் சான்று இனிப்பானது. அச்சாலையில் உள்ள குரு ஸ்வீட் மார்ட், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பாவின் வழிவந்தோர் நடத்துவது. மைசூர்ப் பாகு அவர் கைவண்ணம் என்பது ஊர் வழக்கு. வாய் கடைக்குப் போகிறது, ஆகவே கடைவாய். 'கடவாய்' என்று எழுதுவோருக்கு மறுப்பு: காண்க, பாகு சுற்றிய தாள், நெய்க்கறைக்குக் கீழ் மூன்றாம் வரி, அவ்வரிக்குப் பென்சிலால் எழுதிய உரை, அவ்வுரையை அழித்த ரப்பரின் தேய்ந்த முனை, கிழக்கு நோக்கிய பக்கம்.

நெய் ஒழுகும் மென்பாகு நாக்கிலேயே கரையும். அதை உண்போர் கடைவாய்ப்பல்லை நகையாகத்தான் வைத்திருக்கிறார்கள். துளைவிட்ட கெட்டிப்பாகே பல்லுக்கு வேலை தருவது. உடைந்த துகள் பல்லின் மேற்பள்ளங்களில் தங்கும். நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலம் எனாமலைக் கரைக்கும். பள்ளங்கள் சில மிகக் குறுகியவை, பிரஷ்ஷின் இழைகூட நுழையாது. குழந்தைகளுக்கு மருத்துவர் அவற்றைப் பூசி அடைப்பது இதனால்தான்.

குழந்தை என்றதும் ஒன்று, வேடிக்கை கலவாமல். ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், எந்தப் பால்பல்லும் விழாமல் பின்னால் தனியே வருகிறது. 'விழப்போற பல்லுதானே' என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது.

1913இல் தொடங்கிய நஞ்சன்கூடு சத்வைத்யசாலாவின் இளஞ்சிவப்புப் பல்பொடி மைசூர்ப் பக்க வீடுகளில் பிரசித்தம். பொடியில் குறையில்லை, ஆள்காட்டி விரல்தான் கடைக்கோடிப் பல்லின் பின்புறம் வரை வளைவதில்லை.

பல்லின் பள்ளங்களைக் கல்வெட்டாகப் படியெடுக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. தொல்லியல் துறையின் கல்வெட்டுக் கிளை மைசூரிலேயே இருக்கிறது. அங்கே தமிழ்க் கல்வெட்டுப் படிகள் அச்சேறப் பல்லாண்டு காத்திருந்தன. சொத்தைக்கு அத்தனை பொறுமை கிடையாது.